ஹோட்டன் சமவெளி வீதி: நடக்க இயலாதவர்களுக்கும் உரியதா?

நுவரெலியாவிலிருந்து மீபிலிமான, அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்கு ஏறும் வீதியில், வீட்டுப் பெரியவர்களையும் வெளியூரிலிருந்து வரும் உறவினர்களையும் ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகளாக எங்கள் டீசல் வானை ஓட்டி வருகிறேன். இந்தப் பூங்காவைப் பற்றிப் பேசுவோர் உலக முடிவு எனப்படும் செங்குத்தான மலை விளிம்புக்குச் சென்று திரும்பும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடைபாதையைத்தான் முதலிற் கூறுவர். முழங்கால் வலியுள்ள மாமியாருக்கு அது எட்டாது. அத்தகையவர்களுக்கு வீதி மட்டுமே போதுமா என்றால், பட்டிப்பொல வாயிலால் நுழைந்து ஓஹிய பக்கமாக இறங்கும் பயணமாக அமைந்தால் போதும் என்பேன். வந்த வழியே திரும்பினால் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம்.

அம்பேவெலவின் மேய்ச்சல் நிலங்களையும் காற்றாலைகளையும் கடந்து, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்துள்ள பட்டிப்பொலவை (1,891 மீற்றர்) அடையும்போதே காற்றின் குளிர் மாறிவிடும். வாயிலுக்கு அப்பால் முதலில் வருவது முகிற்காடு. ஓயாத காற்றால் குட்டையாகி முறுக்கேறிய மரங்கள், தடித்த சிறிய இலைகள், கிளைகளில் தாடிபோல் தொங்கும் பாசி எனக் காடு வீதியின் இரு மருங்கிலும் நெருங்கி நிற்கும். 2,357 மீற்றர் உயரமான தொட்டுபொல மலையும் இவ்வழியில்தான் உள்ளது. பின்னர் ஒரு வளைவில் காடு விலகிப் புல்வெளி விரியும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் இச்சமவெளியில் ஊறுகின்றன என்பதை வண்டியிலிருப்பவர்களுக்குச் சொல்லிவைப்பது என் வழக்கம். 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இந்நிலம், 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

காலை 9 அல்லது 10 மணிக்குப் பின் மூடுபனி ஏறிவிடும் என்பதால் 6 மணிக்கே வாயிலில் நிற்க வேண்டும் என்பார்கள். மலை விளிம்பிலிருந்து பள்ளத்தைக் காண நடப்பவர்களுக்கு அது சரியான அறிவுரை. வண்டியில் செல்வோருக்கு அவ்வளவு அவசரமில்லை. காட்டுப் பகுதி மூடுபனியில்தான் அழகு, புல்வெளியில் மட்டும் இழப்பு உண்டு. எனினும் மரைகள் என்னும் பெரிய மான்கள் வீதியோரம் மேய்வதைக் காண விடியற்காலையே ஏற்றது. சனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலையில் முதியவர்களை அழைத்துச் செல்வதை நான் தவிர்த்து விடுகிறேன். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவை விட்டு வெளியேறவே பொறுமை வேண்டும்.

நடைபாதை தொடங்கும் இடமான ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் மனிதரைக் கண்டு விலகாமல் நெருங்கி வருவது குழந்தைகளை மகிழ்விக்கலாம். பாண் துண்டு நீட்டிப் பழக்கியதன் விளைவு அது என்பதால் எனக்கு அதில் மகிழ்ச்சியில்லை. பொலித்தீன் உறைகளை வாயிலில் சோதித்து அகற்றிவிடுவார்கள். ஆகவே ரொட்டியையும் கட்டச் சம்பலையும் மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். நடந்தாலும் நடக்காவிட்டாலும் நுழைவுச்சீட்டின் கட்டணம் ஒன்றே, வாகனத்துக்குத் தனிக் கட்டணம். வீதியை மட்டும் பார்ப்பவருக்கு இது சற்று உறுத்தத்தான் செய்யும்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2,100 மீற்றருக்கு மேல் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பழைய இயந்திரம் ஏற்றத்தில் சோர்ந்துபோகும். ஆட்களை நிரப்பிக்கொண்டு ஏறாதிருப்பது நல்லது. பூங்காவுக்குள் எரிபொருள் நிலையம் கிடையாது. ஃபார் இன்னிலிருந்து ஓஹிய புகையிரத நிலையம் வரையிலான ஏறத்தாழ 11 கிலோமீற்றர் இறக்கம் ஒடுங்கியது, வளைவுகள் மிகுந்தது. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும் என்பதால், இரண்டாம் கியரிலேயே இறங்கி, எதிரே ஏறி வரும் வண்டிக்கு இடம்விட வேண்டும். ஆனால் ஊவாவின் மலை அடுக்குகள் ஒவ்வொரு வளைவிலும் வேறு கோணத்தில் தெரிவது இந்த இறக்கத்தில்தான். ஓஹியவிலிருந்து பொரலந்த, வெலிமடை வழியாக மாலைக்குள் நுவரெலியாவுக்குத் திரும்பிவிடலாம். நீளமான பஸ்ஸில் வருபவர்கள் மட்டும் பட்டிப்பொல வழியையே போகவும் வரவும் பயன்படுத்துவது நல்லது.