ஃபெடோராவில் காணொளி ஓடுகிறது, ஆனால் எதில் ஓடுகிறது?

ஏஎம்டியின் ரைசன் செயலியும் அதனுடன் இணைந்த ரேடியான் கிராஃபிக்ஸும் கொண்ட மடிக்கணினியில் ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பல பதிப்புகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அண்மையில் பதிப்பை உயர்த்திய பிறகு கோடெக் (காணொளியைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் நிரல்) வேலையை மறுபடியும் முதலிலிருந்து செய்ய நேர்ந்ததால், இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் விரிவாக எழுதிவைக்கிறேன். வேகம், டெஸ்க்டாப்பின் தோற்றம், பேட்டரி எல்லாம் பலரும் எழுதிவிட்டவை. அவற்றில் எனக்குக் குறையில்லை. என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான். காணொளி ஓடுகிறது, எந்த வழியில் ஓடுகிறது என்பதைத்தான் கணினி சொல்வதில்லை.

சுருக்கப்பட்ட காணொளியை விரித்துப் படமாக்குவதற்கென்றே, அதாவது டிகோட் செய்வதற்கென்றே, கிராஃபிக்ஸ் சிப்பில் தனிச் சுற்று ஒன்று இருக்கிறது. கணினியை வாங்கும்போதே அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தோம். லினக்ஸில் அந்தச் சுற்றை மென்பொருள்கள் அணுகும் வழி விஏ-ஏபிஐ. ஏஎம்டி சிப்புகளுக்கு அந்த வழியை அமைத்துத் தருவது மெசா என்னும் திறந்தமூல கிராஃபிக்ஸ் இயக்கித் தொகுப்பு. காப்புரிமைச் சிக்கலுள்ள கோடெக்குகளை விருப்பப்பட்டால் மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு மெசா 22.2 பதிப்பில் வந்தது. அதை அடுத்து, 2022 செப்டம்பரில், ஃபெடோரா தன் மெசாவிலிருந்து எச்.264, எச்.265 (எச்இவிசி என்றும் பெயர்), விசி-1 ஆகிய மூன்றையும் விலக்கிவிட்டது. உரிமத்தொகை கேட்காத விபி9, ஏவி1 இரண்டும் அப்படியே இருந்தன. இதன் விளைவு விசித்திரமானது: யூடியூபில் விபி9 வடிவில் வரும் 4கே காணொளி அமைதியாக ஓடும், கைப்பேசியில் நானே எடுத்த சிறிய எச்.264 காணொளியைத் திறந்தால் சிபியு சூடேறி விசிறி இரையும். சொந்தக் கிணற்றுக்கு மூடி போட்டுவிட்டுத் தெருக்குழாயில் குடம் நிரப்பச் சொல்வது போன்ற நிலை இது.

இதில் ஃபெடோராவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் பின்னால் நிற்கும் ரெட் ஹேட் அமெரிக்க நிறுவனம். மென்பொருள் காப்புரிமை வழக்குகள் மிகுந்த நாடு அது. எச்.265-ஐ எடுத்துக்கொண்டால், 2013-இல் தரப்படுத்தப்பட்ட அந்த வடிவத்துக்கு எம்பெக் எல்ஏ, எச்இவிசி அட்வான்ஸ், வெலோஸ் மீடியா என்று தனித்தனிக் குழுக்கள் உரிமத்தொகை கேட்டு நின்றன. எத்தனை பேர் இறக்கினார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் இலவசமாக வழங்கப்படும் ஓர் இயங்குதளம், படிக்கு இவ்வளவு என்று அவர்களுக்கு எப்படிக் கணக்குக் கொடுக்கும்? ஆனாலும் கோபம் வரத்தான் செய்கிறது. கணினி நிரலைத் தனித்த நிலையில் காப்புரிமைக்கு உரியதாக நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் ஏற்பதில்லை. அப்படியிருந்தும், வேறொரு நாட்டின் வழக்குமன்றத்துக்கு அஞ்சி நீக்கப்பட்ட வசதி இங்கே என் மேசையிலும் இல்லாமல் போகிறது, ஏனென்றால் உலகம் முழுவதற்கும் நிறுவுவதற்கு ஒரே ஐஎஸ்ஓ கோப்புதான்.

எச்.264-க்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது. சிஸ்கோ நிறுவனம் 2013-இல் ஓப்பன்எச்264 நூலகத்தை அறிவித்து, தான் விநியோகிக்கும் படிகளுக்கான உரிமத்தொகையைத் தானே கட்டுவதாகச் சொன்னது. ஆகவே ஃபெடோரா அந்த நூலகத்தைக் கட்டமைத்து சிஸ்கோவிடம் ஒப்படைக்கிறது. நம் கணினி அதை சிஸ்கோவின் சேவையகத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. ஒரு நூலகத்தைச் சட்டத்துக்குப் பொருந்தும்படி நம்மிடம் சேர்ப்பதற்காக இத்தனை பேர் இவ்வளவு கவனமாக உழைத்திருப்பதை நான் உண்மையிலேயே மதிக்கிறேன். ஆயினும் அது சிபியுவில் ஓடும் நூலகம். 10-பிட் காணொளியையோ இன்டர்லேஸ் செய்யப்பட்டதையோ அது கையாளாது. எச்.265-க்கு இத்தகைய புரவலரும் இல்லை. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புதிய ஐபோன்கள் இயல்பாக அந்த வடிவத்தில்தான் பதிவு செய்கின்றன என்பதால், உறவினர் அனுப்பும் கல்யாணக் காணொளியில் குரல் மட்டும் கேட்டுப் படம் தெரியாமல் போவது ஃபெடோராவில் அதிசயமில்லை.

தீர்வு ஆர்பிஎம் ஃப்யூஷன் என்னும் தன்னார்வலர் மென்பொருள் களஞ்சியம். அதைச் சேர்த்து, எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ என்ற குறைக்கப்பட்ட தொகுப்பை எஃப்எஃப்எம்பெக் என்ற கோடெக் நூலகத்தின் முழுமையான தொகுப்பாக மாற்ற வேண்டும். பிறகு மெசாவின் காணொளி இயக்கியை ஃப்ரீவேர்ல்டு என்று பெயர் முடியும் தொகுப்பாக மாற்ற வேண்டும். ஃபெடோராவில் மென்பொருளை நிறுவும் கருவியான டிஎன்எஃப்-இன் கட்டளைகள் இரண்டே போதும். முதலாவதை எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன; இரண்டாவதைப் பலவும் விட்டுவிடுகின்றன, ஏனென்றால் முதலாவதைச் செய்த உடனேயே காணொளி ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓடுகிறது என்பதால் வேலை முடிந்தது என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

நான் ஆரம்பத்தில் சொன்ன மனத்தாங்கல் இங்கேதான் பிறக்கிறது. ஃப்ரீவேர்ல்டு தொகுப்பின் பதிப்பு, ஃபெடோராவின் மெசா பதிப்போடு பொருந்தியிருக்க வேண்டும். ஃபெடோரா புதிய மெசாவை வெளியிட்டு, தன்னார்வலர்கள் தங்கள் தொகுப்பைக் கட்டி முடிப்பதற்குள் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த நேரத்தில் புதுப்பித்தால் டிஎன்எஃப் மெசாவைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். மோதும் தொகுப்புகளை நீக்க அனுமதி கொடுத்திருந்தாலோ, பழைய குறைந்த இயக்கியே திரும்பிவந்து உட்காரலாம். திரையில் எந்த அறிவிப்பும் வருவதில்லை. மறுநாளும் காணொளி ஓடும், விசிறியும் சேர்ந்து இரையும். காரணத்தை அறிய டெர்மினலில் விஏஇன்ஃபோ கட்டளையை இட்டு, வரும் பட்டியலில் எச்.264, எச்இவிசி வரிகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். எம்பிவி என்ற காணொளி பார்க்கும் மென்பொருளில் ஐ விசையை அழுத்தினால் டிகோட் எங்கே நடக்கிறது என்பது தெரியும். ஆனால் அந்த மென்பொருளில் வன்பொருள் டிகோட் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும் என்பதால், முதலில் அமைப்புக் கோப்பில் அதை இயக்க வேண்டும். இத்தனை படிகளையும் ஒரு சாதாரணப் பயனர் கடப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எனக்கு அளவற்ற மகிழ்ச்சி தந்தது. பழைய சிடிகளில் ரியல் ஆடியோ வடிவில் சேமித்திருந்த தமிழ்ப் பாடல்கள், டபிள்யுஎம்வி கோப்புகள், விசிடியிலிருந்து நகலெடுத்த டாட் கோப்புகள் அனைத்தையும் விஎல்சி ஒரு கேள்வியும் கேட்காமல் இயக்கியது. ஒரு காலத்தில் இதே வடிவங்களை லினக்ஸில் கேட்கவும் பார்க்கவும் எம்பிளேயர் என்ற மென்பொருளுக்குள் விண்டோஸின் 32-பிட் டிஎல்எல் (நிரல் நூலக) கோப்புகளைக் கொண்டுவந்து ஏற்ற வேண்டியிருந்தது. 2000-இல் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் திட்டத்தில் சேர்ந்தவர்கள், ஆவணம் வெளியிடப்படாத வடிவங்களையும் பிரித்து ஆராய்ந்து, அவற்றுக்குச் சொந்தமாக டிகோடர் எழுதினார்கள். உரிமையாளர் நிறுவனங்களே கைவிட்டுவிட்ட கோப்புகள் இன்று உயிரோடிருப்பது இவர்களால்தான். எம்பி3 உரிமத் திட்டத்தை 2017 ஏப்ரலில் ஃபிரான்ஹோஃபர் முடித்துக்கொண்ட பிறகு அந்த வடிவத்தைப் பற்றிய கவலையும் ஒழிந்தது.

சந்தா கட்டிப் பார்க்கும் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. லினக்ஸ் டெஸ்க்டாப் உலாவிகளில், நகலெடுப்பைத் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டு, மென்பொருள் அளவிலான எல்3 பாதுகாப்பில் மட்டுமே இயங்குகிறது. பல சேவைகள் அதற்கு உயர்ந்த தெளிவுத்திறனைத் தருவதில்லை. நான் சந்தா கட்டும் சேவையும் மங்கலான படத்தைத்தான் தருகிறது. அந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்கிறேன்.

கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வடிவங்களை ஒழுங்காக இயக்க எந்த லினக்ஸை நிறுவலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். தூய்மையான கட்டமைப்புக்காகவும் கொள்கைப் பிடிப்புக்காகவும் ஃபெடோராவை இவ்வளவு மதிக்கும் நான், கோடெக்குகளை வெட்டாமல் மெசாவையும் எஃப்எஃப்எம்பெக்கையும் முழுமையாகத் தரும் டெபியனையே அவருக்குச் சொன்னேன். என் கணினியில் ஃபெடோராவே தொடரும். ஆனால் காணொளி அனுபவத்துக்கு இன்று நான் தரும் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. இந்தக் காணொளி சிபியுவில் டிகோட் ஆகிறது என்று திரையில் ஒரே ஒரு வரி தெரிந்தால் அதை நான்காக உயர்த்துவேன்.