பிஎச்பியில் ஃபைல் அப்லோடு: எரர் நம்பரைக் கேளுங்கள்

பல வருடமாக பிஎச்பியில் (சர்வரில் ஓடும் வெப் புரோகிராமிங் மொழி) அப்லோடு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். "ஃபைல் ஏறல" என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எரர் நம்பர் என்ன? ஏறும் ஃபைல்களின் விவரத்தை பிஎச்பி போட்டுத் தரும் ஃபைல்ஸ் அர்ரேயில் ஒவ்வொரு ஃபைலோடும் அது வருகிறது. 0 என்றால் ஏறிவிட்டது. 1 என்றால் சர்வர் அனுமதித்த அளவைத் தாண்டியது, 3 பாதியில் அறுந்தது, 4 ஃபைலே தேர்ந்தெடுக்கவில்லை, 6 தற்காலிக ஃபோல்டர் இல்லை, 7 டிஸ்கில் எழுத முடியவில்லை. (5 கிடையாது, தேட வேண்டாம்.)

என்னை அலையவிட்டது நம்பரே வராத கோளாறு. 12 எம்பி பிடிஎஃப் ஒன்று. ஒரு ஃபைலுக்கான வரம்பான அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸை 2 எம்பியிலிருந்து 20க்கு ஏற்றியாயிற்று. ஃபார்மில் பெயரையும் நிரப்பி அனுப்பினால், "பெயரை நிரப்பவும்" என்று என் ஸ்கிரிப்டே திருப்பிச் சொல்கிறது! இரண்டு நாள் வேலிடேஷன் கோடைத் துருவினேன். மொத்த ஃபார்முக்கான வரம்பான போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் பழைய 8 எம்பியிலேயே இருந்திருக்கிறது. மொத்த ஃபார்மும் அந்த அளவைத் தாண்டினால், ஃபார்மில் நிரப்பியதைத் தாங்கும் போஸ்ட், கூடவே ஃபைல்ஸ், இரண்டு அர்ரேயும் காலியாகத்தான் வரும். அன்றிலிருந்து, கன்டென்ட் லெங்த் (பிரவுசர் அனுப்புவதாகச் சொல்லும் மொத்த அளவு) இருந்தும் இரண்டும் காலி என்றால் "ஃபைல் பெரிது" என்று சொல்லும் சோதனையை ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே வைக்கிறேன்.

413 (அனுப்பியது மிகப் பெரிது என்னும் எரர்) வந்தால் பிஎச்பி லாகில் தேடிப் பயனில்லை. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால், மாற்றாதவரை 1 எம்பிக்கு மேல் அதுவே திருப்பி அனுப்பிவிடும். அதன் செட்டிங்கில் க்ளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸை ஏற்ற வேண்டும். பிஎச்பி செட்டிங்குகள் உள்ள ஐஎன்ஐ ஃபைலை மாற்றியும் பலிக்கவில்லையா? கமாண்ட் லைன் படிப்பது வேறு ஐஎன்ஐயாக இருக்கலாம். செட்டிங்குகளைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோவை பிரவுசரில் திறந்து எது லோடாகியிருக்கிறது என்று பாருங்கள், பிறகு எஃப்பிஎம்மை (வெப் சர்வருக்காக பிஎச்பியை ஓட்டும் சர்வீஸ்) ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபார்ம் டேகில் மல்டிபார்ட் என்க்டைப் (ஃபைலையும் சேர்த்து அனுப்பச் சொல்லும் குறிப்பு) விட்டுப்போனால் ஃபைலின் பெயர் மட்டும் வரும், ஃபைல் வராது.

ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்துச் சமாளிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பிஎச்பி எந்த யூசரில் ஓடுகிறதோ அந்த யூசருக்கு எழுதும் உரிமை கொடுத்தால் போதும். ஃபோல்டரும் வெப் ரூட்டுக்கு (பிரவுசரில் நேரே திறக்கக்கூடிய ஃபோல்டர்) வெளியே இருக்கட்டும். பிரவுசர் அனுப்பும் ஃபைல் வகையை நம்பாமல் ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்த்து வகையைச் சொல்லும் ஃபைல்இன்ஃபோ வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. அரைமணி நேரம் உட்கார்ந்து நிரப்பிய ஃபார்ம் அளவுப் பிரச்சினையில் காலியாகித் திரும்பும்போது நிரப்பியவருக்கு எவ்வளவு வலிக்கும்! அதனால் அப்லோடு பட்டனுக்குப் பக்கத்திலேயே உச்ச அளவை எழுதிவிடுகிறேன். ஃபைலைத் தேர்ந்தெடுத்த உடனே, அனுப்பும் முன்பே, ஜாவாஸ்கிரிப்டில் அளவைப் பார்த்துச் சொல்லியும்விடுகிறேன்.