பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஆல்பம்: பஞ்ச் பிரதர்ஸின் 'த பாஸ்பரசன்ட் புளூஸ்'

அமெரிக்க நாட்டுப்புற இசையிலிருந்து வந்த புளூகிராஸ் பாணியில் வழக்கமாக டிரம்ஸ் கிடையாது. அந்த வேலையும் மாண்டலின் தலையில்தான். நரம்புகளை வெட்டுகிற மாதிரி ஒரு தட்டு, உடனே இடது கை விரல்களைத் தளர்த்தினால் ஒலி 'சக்' என்று அடங்கிவிடும். இந்த இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோ காலத்திலிருந்து தாளம் நிற்பது அதை நம்பித்தான். பஞ்ச் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் இந்த ஆல்பத்திலோ சில பாடல்களுக்கு ஜே பெல்லரோஸ் டிரம்ஸ் வாசிக்கிறார். 2015 ஜனவரியில் வெளிவந்தது; தயாரிப்பாளர் டி போன் பர்னெட்.

'இது புளூகிராஸே இல்லை' என்ற பேச்சு இவர்களுக்குப் புதிதல்ல. பஞ்ச் பிரதர்ஸ் என்ற பெயரில் 2008-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே, நான்கு பகுதிகளாக நாற்பது நிமிடம் போகும் ஒரு படைப்பை வைத்தவர்கள். என்னைக் கேட்டால், டிரம்ஸ் தப்பில்லை. ஆனால் டிரம்ஸ் வரும் 'ஐ புளூ இட் ஆஃப்'தான் எனக்கு முதலில் சலித்தது. கேட்டதும் பிடிக்கும், கொஞ்ச நாளில் தாண்டிவிடத் தோன்றும்.

சலிக்காதது முதல் பாடலான 'ஃபெமிலியாரிட்டி'. பத்து நிமிடத்துக்கு மேல். கிறிஸ் தீலியின் மாண்டலின் பொடிப்பொடியாக ஸ்வரங்களைத் தூவ ஆரம்பிக்கும், மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும், பிறகு குரல்கள் அடுக்கடுக்காக ஏறும். ஆரம்பத்தில் எனக்கு அது மூன்று பாட்டை ஒட்டவைத்தது போலத்தான் இருந்தது. பால் கோவர்ட்டின் டபுள் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள், ஒட்டு தெரியாது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 'பாஸ்பியே' இன்னொரு விருந்து. பியானோவுக்காக எழுதியது, இடது கை ஸ்வரங்களைத் துண்டு துண்டாகத் தட்டியபடி ஓடிக்கொண்டே இருக்கும். தட்டினதும் ஒலி சட்டென்று செத்துவிடும் பாஞ்சோவுக்கு அந்த ஓட்டம் அளவெடுத்துத் தைத்த சட்டை. குழுவின் பாஞ்சோக்காரர் நோம் பிகெல்னியைக் கேட்டால் புரியும். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்கிரியாபினின் பிரெல்யூட் சின்னது, வந்ததும் போய்விடும்.

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரைத் தொலைக்கிற கதைதான் ஆல்பம் முழுக்க. அட்டையில் ஓவியர் மாக்ரிட் 1928-இல் வரைந்த காதலர்கள்: தலையைத் துணியால் மூடிக்கொண்டே முத்தமிடுகிறார்கள். இதைவிடப் பொருத்தமான அட்டை கிடைத்திருக்காது. பத்து வருடத்தில் இந்த விஷயம் பழசாகும் என்று நினைத்தேன். எங்கே!

அமெரிக்கானா, அதாவது அமெரிக்க நாட்டுப்புற வேர்கள் கொண்ட இசைக்கான பிரிவில், சிறந்த ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரையோடு இது நின்றுபோனது. பாடகர் ஜேசன் இஸ்பெல் விருதைத் தட்டிச் சென்றார். இவர்களுக்கு கிராமி வந்தது 2018-இன் 'ஆல் அஷோர்' ஆல்பத்துக்கு, சிறந்த ஃபோக் ஆல்பம் பிரிவில். அது நல்ல ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் அலமாரியிலிருந்து அடிக்கடி இறங்குவது இதுதான்.

ஒரு குறை. மெதுவான இடங்கள் ரொம்ப மெதுவாக, உரத்த இடங்கள் ரொம்ப உரக்க இருக்கின்றன. காரில் போட்டால் 'ஃபெமிலியாரிட்டி'யின் கடைசிப் பகுதி இன்ஜின் சத்தத்தில் காணாமல் போகும். வால்யூமைக் கூட்டினால் பின்னால் வரும் உரத்த இடங்கள் காதைப் பதம் பார்க்கும். வீட்டில், காதை மூடும் ஹெட்போனில் கேளுங்கள். புதிதாகக் கேட்பவர்கள் 'ஜூலெப்'பில் ஆரம்பிக்கலாம். அது பிடித்தால் அப்புறம் முதல் பாட்டுக்குப் போங்கள்.