வேரழுகலுக்கு ட்ரைக்கோடெர்மாவா, சூடோமோனஸா? எந்த மண்ணுக்கு எது சரிப்படும்

செடி வாடுதுன்னு ஒருத்தர் கேட்டா போதும், பத்து பேர் பத்து பாக்கெட் பேரைச் சொல்லிடறாங்க. விரிடி (ட்ரைக்கோடெர்மாவுல ஒரு வகை) போடு, சூடோமோனஸ் ஊத்து, வேம் வை, சப்டிலிஸ்தான் இப்ப பெஸ்ட்னு ஆளுக்கு ஒன்னு. பிரிச்சுப் பார்த்தா முக்காவாசி ஒரே மாதிரி டால்க் பவுடர்தான், அதனால எதைப் போட்டா என்னன்னு கைக்குக் கிடைச்சதைப் போட்டுடறோம், அப்புறம் கேட்கலைன்னா உயிர் மருந்தே வேஸ்ட்னு சொல்லிட்டு திரும்ப கெமிக்கல் பக்கம் போயிடறோம். எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கு. ஒரு பாக்கெட்ல இருக்கறது பூஞ்சை, இன்னொன்னுல இருக்கறது பாக்டீரியா, ரெண்டும் தின்னுறது வேற, தாங்கறது வேற, சண்டை போடற விதமும் வேற.

ஒப்பிடறதுக்கு முன்னாடி எதிரி யாருன்னு பார்த்துடணும். வாடின செடியைப் பிடிச்சு இழுக்காதீங்க, இழுத்தா அழுகின வேரெல்லாம் மண்ணுக்குள்ளயே அறுந்து நின்னுடும், சுத்தி நோண்டி மண்கட்டியோட தூக்கி ஒரு பக்கெட் தண்ணியில மெதுவா அலசுங்க. மெல்லிசான வேர் ஒன்னை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருவினா மேல் தோல் உறை மாதிரி கழண்டு வந்து உள்ள நூல் மட்டும் நிக்குதுன்னா, அது ஈர மண்ணுல வர்ற பித்தியம்ங்கற கிருமி மாதிரி ஒன்னால வந்த அழுகல். வேர் பார்க்க சுமாராத்தான் இருக்கு, ஆனா தண்டை நீளவாக்குல கீறினா உள்ள பழுப்பா கோடு ஓடுதுன்னா ஃப்யூசேரியம்ங்கற பூஞ்சையால வர்ற வாடல்னு சந்தேகப்படலாம். வெட்டின தண்டோட முனையை கண்ணாடி டம்ளர் தண்ணியில தொட்ட மாதிரி ஆடாம பிடிங்க, சில நிமிஷத்துல பால் நூல் மாதிரி வெள்ளையா இறங்குச்சுன்னா பாக்டீரியா வாடல், அந்த பாக்டீரியாவோட பேர் ரால்ஸ்டோனியா. தூர்ல வெள்ளை இழை படர்ந்து கடுகு கடுகா உருண்டை ஒட்டியிருந்தா ஸ்க்ளீரோசியம்ங்கற பூஞ்சை. வேர்ல முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு, அது போட்ட காயம் வழியா ஃப்யூசேரியம் சுலபமா உள்ள போயிடும், அதனால புழுவை விட்டுட்டு பூஞ்சைக்கு மட்டும் மருந்து வெச்சா பாதி வேலைதான் ஆகும்.

இப்ப ட்ரைக்கோடெர்மா. இது பூஞ்சையைத் தின்னுற பூஞ்சை. ரைசோக்டோனியாங்கற நோய்ப் பூஞ்சையோட இழை மேல இது கொடி மாதிரி சுத்திக்கிட்டு அதைக் கொல்லுதுன்னு 1932லயே வைன்ட்லிங்னு ஒரு ஆராய்ச்சியாளர் எழுதிட்டார். சுத்தின பிறகு கைட்டினேஸ், குளுக்கனேஸ்னு என்சைம்களை விட்டு எதிரியோட செல் சுவரைக் கரைச்சு உள்ள இருக்கறதை உறிஞ்சிக்கும். வளர்ற வேகமும் ஜாஸ்தி, லேப்ல ஒரு பெட்ரி தட்டை மூணு நாலு நாள்ல மூடிடும், மண்ணுல அந்த வேகம்தான் இடம் பிடிக்க உதவுது. ஆனா இதுக்கு சாப்பாடு வேணும். மட்காத குச்சி, சருகு, தொழு உரம் எதுவுமே இல்லாத வெறும் மண்ணுல பவுடரைத் தூவிட்டு வந்தா அது எதைத் தின்னு பெருகும்? அதனாலதான் முன்கூட்டியே தொழு உரத்துல கலந்து, பிழிஞ்சா தண்ணி சொட்டாத அளவு ஈரம் வெச்சு, நிழல்ல ஈரச் சாக்கு போட்டு பத்து பதினஞ்சு நாள் மூடி வைக்கச் சொல்றாங்க. சாக்கைத் தூக்கினா முதல்ல பஞ்சு மாதிரி வெள்ளை, அப்புறம் திட்டுத் திட்டா பச்சை, கிட்டப் போனா சில ரகத்துல லேசா தேங்காய் வாசம் அடிக்கும். அந்த வாசம் பென்டைல் பைரோன்னு ஒரு பொருளால வருது, அதுவே மத்த பூஞ்சைகளை அடக்கறதும் கூட. பச்சையா இருக்கறதெல்லாம் ட்ரைக்கோடெர்மான்னு நம்பிடாதீங்க, பெனிசிலியம்ங்கற வேற பூஞ்சையும் பச்சைதான்.

சூடோமோனஸ் ஃப்ளூரசன்ஸ் குணமே வேற. இது வேரைச் சுத்தி வாழற பாக்டீரியா, வேர் கசியவிடற சர்க்கரை, அமினோ அமிலம்தான் இதுக்குச் சாப்பாடு. வேரைச் சுத்தி இருக்கற அந்த மெல்லிய மண்ணுக்கு ரைசோஸ்ஃபியர்னு 1904ல பேர் வெச்சவர் ஹில்ட்னர், சூடோமோனஸ் குடியிருக்கறது அங்கதான். எரு கம்மியா இருந்தாலும் உயிரோட வேர் இருந்தா பிழைச்சுக்கும். சண்டை போடற விதத்துலதான் எனக்கு இது மேல ஒரு தனி மரியாதை: பையோவெர்டின்னு மஞ்சள் பச்சையா ஒன்னை வெளிய விட்டு சுத்தி இருக்கற இரும்புச் சத்தை அள்ளிக்கிட்டு வந்துடும், ஃப்யூசேரியத்துக்கு முளைக்க இரும்பு கிடைக்காம போயிடும். புற ஊதா விளக்குல ஒளிர்றதும் அந்தப் பொருள்தான், ஃப்ளூரசன்ஸ்னு பேர் வந்ததும் அதனால. இது போதாதுன்னு சில ரகங்கள் டிஏபிஜி, ஃபீனசின்னு ஆன்ட்டிபயாட்டிக்கும் சுரக்கும். இன்னொன்னு, வேர்ல இது உட்கார்ந்தா செடி முழுக்க உஷாராகி இலையில வர்ற நோய்க்குக் கூட கொஞ்சம் எதிர்ப்பு வருது.

கோதுமையில டேக்-ஆல்னு ஒரு வேர் நோய் இருக்கு. வருஷா வருஷம் அதே நிலத்துல கோதுமையே போட்டா முதல்ல நோய் ஏறும், சில வருஷம் கழிச்சு தானா இறங்கிடும். காரணம் தேடினப்ப டிஏபிஜி சுரக்கற சூடோமோனஸ் அந்த மண்ணுல பெருகி இருக்கறது தெரிஞ்சது. யாரும் பாக்கெட் வாங்கிப் போடல, நோய் வந்த வேரே அதை வளர்த்து வெச்சிருக்கு!

சரி, நேருக்கு நேர் வைப்போம். மண்ணு கொஞ்சம் புளிப்பா, எரு நிறைய இருந்தா ட்ரைக்கோடெர்மா சந்தோஷமா இருக்கும். நடுநிலை, இல்ல கொஞ்சம் காரத்தன்மைன்னா அங்க இரும்பு ஏற்கனவே கரையாம கிடக்கும், அந்த இடத்துல சூடோமோனஸோட இரும்புத் திருட்டு நல்லா எடுபடும், சுண்ணாம்பு போட்டு புளிப்பைக் குறைச்சா ஃப்யூசேரியம் வாடல் குறையறதுக்கு இதுவும் ஒரு காரணம். நாத்தங்கால்ல ரைசோக்டோனியா, தூர்ல ஸ்க்ளீரோசியம்னா நான் ட்ரைக்கோடெர்மா பக்கம், அந்தக் கடுகு உருண்டைக்குள்ள புகுந்து அதை அழிக்கற வேலையை பாக்டீரியா இந்த அளவுக்குச் செய்யாது. ஃப்யூசேரியம் வாடலுக்கு ரெண்டும் உதவும். பித்தியத்துக்கும் ரெண்டும் உதவும், ஆனா தண்ணி தேங்கி நின்னா எதுவும் உதவாது, ஏன்னா பித்தியத்தோட ஸ்போர் ரெண்டு வால் வெச்சு நீந்தி வேர் கசிவை மோப்பம் பிடிச்சு வந்துடும், அங்க முதல் மருந்து வடிகால்தான்.

ஸ்டோர் பண்றதுல ட்ரைக்கோடெர்மா பரவாயில்ல, சூடோமோனஸ் ரொம்ப நோஞ்சான் ஆளு. விதை மாதிரி ஓடு போட்டுக்கிட்டுத் தூங்கற வசதி அதுக்குக் கிடையாது, வெயில்ல வண்டியில கிடந்த பாக்கெட்ல பவுடர் மட்டும்தான் மிச்சம் இருக்கும். தேதி பார்த்து புதுசா வாங்குங்க, நிழல்ல வைங்க, சாயந்தரம் போடுங்க.

இந்த இடத்துலதான் பேசில்லஸ் சப்டிலிஸ் உள்ள வருது. இது எண்டோஸ்போர்னு கெட்டி ஓடு கட்டிக்கும், 80 டிகிரி சூட்டை பத்து நிமிஷம் கூடத் தாங்கும், லேப்ல இதைத் தனியா பிரிக்கறதுக்கே அந்தச் சூட்டைத்தான் பயன்படுத்தறாங்க. இட்டுரின், ஃபென்ஜைசின்னு பூஞ்சையோட செல் சவ்வை ஓட்டை போடற பொருள்களும் சுரக்கும். சூடான ஊர், நல்லா ஸ்டோர் பண்ண வசதி இல்லாத இடம்னா சூடோமோனஸுக்கு பதிலா நான் இதைத்தான் சொல்வேன்.

வேம், அதாவது வேர் உட்பூசணம், இந்தப் போட்டியிலயே சேராது. அது வேருக்குள்ள குடியிருந்து பாஸ்பரஸ் கொண்டு வந்து கொடுக்கற கூட்டாளி, வேர் பலமானா நோய் குறையுது, அவ்வளவுதான். வேர்ல படற மாதிரி நாத்து விடும்போதே போடணும். பாஸ்பரஸ் உரம் ஏகமா கொட்டின மண்ணுல சரியா ஒட்டாது, முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்துல ஒட்டவே ஒட்டாது.

கெமிக்கலோட ஒப்பிட்டா? நோய் பரவிட்டு இருக்கு, நாளைக்குள்ள நிறுத்தணும்னா உயிர் மருந்து தோத்துடும், அதை மறைக்க வேண்டியதில்ல. இது வேர்ல முன்னாடியே இடம் பிடிச்சு காவல் காக்கற ஆளு, அழுகின வேரை இது திருப்பி முளைக்க வைக்காது. ஆனா கெமிக்கல்லயும் ஆள் தெரியாம போட்டா அதே கதைதான்: கார்பன்டசிம்ங்கற பூஞ்சாணக்கொல்லி பித்தியத்துக்கும் அதோட சொந்தக்காரனான ஃபைட்டோஃப்தோராவுக்கும் கேட்காது, அதுக்கு மெட்டலாக்சில் மாதிரி வேற மருந்து வேணும், அதையே திரும்பத் திரும்ப ஊத்தினா எதிர்ப்பு வந்துடும். மண்ணை மொத்தமா ஸ்டெரிலைஸ் பண்ணா நல்ல ஆளுங்களும் போயிடுவாங்க, காலியான அந்த இடத்துக்கு முதல்ல ஓடி வர்றதுல பித்தியம் முன்னாடி நிக்கும்.

ரெண்டையும் கலக்கலாமான்னு கேட்கறவங்களுக்கு: சில ரகம் ஒத்துப்போகும், சில சூடோமோனஸ் ரகம் ட்ரைக்கோடெர்மாவையே அடக்கிடும். நான் கலக்கறதில்ல. விதைக்கு சூடோமோனஸ் (கிலோவுக்கு 10 கிராம்னு வழக்கமா சொல்ற அளவு), மண்ணுக்கு எருவுல வளர்த்த ட்ரைக்கோடெர்மா, இப்படி இடத்தைப் பிரிச்சுக் கொடுத்துடறேன்.

ஒரு தடவை கலர் பூசின விதையை வாங்கி, அது ஏற்கனவே பூஞ்சாணக்கொல்லி பூசினதுன்னு யோசிக்காம அது மேலயே ட்ரைக்கோடெர்மாவைப் பிசிறி விதைச்சேன். ஏழாவது நாள் காலையில நாத்து பாதி தூர் மெலிஞ்சு ஒரே பக்கமா சாஞ்சு கிடந்துச்சு, மனசு கஷ்டமா போச்சு. பூஞ்சையைக் கொல்ற மருந்து மேல பூஞ்சையை வெச்சா அது எப்படி பிழைக்கும்? பூசின விதைன்னா ட்ரைக்கோடெர்மாவை மண்ணுக்கு மட்டும் கொடுங்க, கார்பன்டசிம் ஊத்தின இடத்துல ரெண்டு வாரமாவது விடுங்க. சூடோமோனஸுக்கும் பேசில்லஸுக்கும் அதே மாதிரி பயம் தாமிர மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின் மேல.

ஒன்னே ஒன்னுதான் வாங்க முடியும்னா, எரு வெச்சிருக்கறவங்க ட்ரைக்கோடெர்மா வாங்குங்க, எரு இல்லாதவங்க புதுத் தேதி போட்ட சூடோமோனஸ், சூடு ஜாஸ்தின்னா பேசில்லஸ். டம்ளர் தண்ணியில அந்த வெள்ளை நூல் இறங்கினவங்க மட்டும் எந்த பாக்கெட்டையும் நம்பி உட்காராதீங்க, சூடோமோனஸும் பேசில்லஸும் அங்க கொஞ்சம் தள்ளிப் போடுமே தவிர நிறுத்தாது, அந்தச் செடியை மண்ணோட எடுத்து வெளிய போட்டுட்டு அடுத்த தடவை தாங்கற ரகம், இல்ல தாங்கற வேர்க்கட்டையில ஒட்டுப் போட்ட நாத்து வைங்க.