அயர்லாந்தில் கொள்ளுப்பாட்டியைத் தேட, காசு கேட்காத இரண்டு தளங்கள்

அயர்லாந்துக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்களும் அங்கே வேர் உள்ளவர்களும் சந்தாத் தளங்களுக்குக் கார்டு நம்பரைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அரசு நடத்தும் ஐரிஷ்ஜீனியாலஜி தளம், இரண்டுமே முழு இலவசம். ஆனால் இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும்.

நான் தேடியது என் மாமியாரின் பாட்டியை. மாவட்டம் கெர்ரி. 1911 தாளில் கணவர், பிள்ளைகளோடு இருக்கிறார், சரி, ஆனால் கல்யாணத்துக்கு முன் அவர் யார் வீட்டுப் பெண்? கணக்கெடுப்பில் கணவர் பெயரோடுதான் இருப்பார், அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அந்தத் தாளிலேயே வேறொரு கட்டத்தில் துப்பு இருக்கிறது: கல்யாணமாகி எத்தனை வருடம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று மணமான பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். (விதவைகள் நிரப்பத் தேவையில்லை, ஆனால் பலர் நிரப்பிவிட்டார்கள், கணக்கெடுப்பவர் அதன்மேல் ஒரு கோடு இழுத்திருப்பார். கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரியும், விட்டுவிடாதீர்கள்.) அந்த வருடக் கணக்கை வைத்துக்கொண்டு ஐரிஷ்ஜீனியாலஜியில் முன்பின் இரண்டு வருடம் தேடினால் பதிவேட்டின் பக்கமே படமாக வந்து நிற்கும். எந்த தேவாலயம், மணமக்களின் தொழில், அப்போது குடியிருந்த இடம், சாட்சிகள், இருவருடைய அப்பாக்களின் பெயரும் தொழிலும். அம்மாக்கள் பெயர் கிடையாது, அந்தக் காலத்துப் பதிவில் அதற்கு இடமே இல்லை. வயதுக்குப் பதில் 'முழு வயது' என்று மட்டும் போட்டிருந்தால் 21 ஆகிவிட்டது என்று பொருள்.

அப்பா பெயரும் ஊரும் கிடைத்த பிறகு 1901-க்குத் திரும்பிப் போனால் பிறந்த வீட்டில் அந்தப் பெண் இல்லை! கெர்ரியின் ட்ரலீ நகரத்தில் ஒரு கடைக்காரர் வீட்டில் வேலைக்காரப் பெண்ணாக இருக்கிறார், எழுதப் படிக்கத் தெரியும், ஐரிஷும் ஆங்கிலமும் பேசுவார். அவருடைய பதினாறு வயதைப் பற்றி வீட்டில் யாருக்கும் இவ்வளவு தெரிந்திருக்கவில்லை.

வயதை மட்டும் நம்பாதீர்கள். பாட்டியின் அம்மாவுக்கு 1901-ல் 56, 1911-ல் 71. பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடுவது அந்த ஊரில் சாதாரணம். 70 வயதானவர்களுக்கு 1909 ஜனவரியிலிருந்து முதியோர் ஓய்வூதியம் வந்துவிட்டது, பிறப்புப் பதிவு தொடங்கியதோ 1864-ல்தான். கிழவிக்கு வயதை நிரூபிக்கச் சான்றிதழ் ஏது? அதனால் 1841, 1851 கணக்கெடுப்புகளில் பெயரைத் தேடிப் பார்த்துச் சான்று கொடுத்தார்கள். அந்த மூலத்தாள்களில் பெரும்பாலானவை 1922-ல் டப்ளினில் ஆவணங்கள் வைத்திருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் எரிந்தபோது போய்விட்டன, ஓய்வூதியத்துக்காகத் தேடியெடுத்த குறிப்புகள் தப்பிவிட்டன. அவையும் காப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன. 1861, 1871 தாள்களை அரசாங்கமே அழித்துவிட்டது, 1881-ம் 1891-ம் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. அதனால் 1901-க்கு முன்னால் இருப்பவர்களுக்குத் பெரும்பாலும் திருமணப் பதிவுதான் கதி. கத்தோலிக்கத் திருமணங்கள் 1864 முதல், மற்றவை 1845 முதல்.

வீட்டுத் தாள் என்று ஒன்று தனியாக இருக்கும், பலர் அதைத் திறப்பதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சுவர் கல்லா மண்ணா, மேலே ஓடா கூரையா, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டி, வீட்டுக்கு வகுப்புக் கொடுத்திருக்கிறார்கள். மாட்டுக்கொட்டகை, பன்றிக்கொட்டில் எல்லாம் இன்னொரு தாளில். நம்ம ஊரில் நூறு வருடத்துக்கு முந்தைய கொள்ளுத்தாத்தா வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று அரசாங்கத் தாளில் பார்க்க வழியே இல்லை. இந்தியக் கணக்கெடுப்பில் தனிக் குடும்பத்தின் தாளை யாருக்கும் காட்டக்கூடாது என்பது 1948-ம் வருடத்துச் சட்டம்.

குறை உண்டு. கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்த பெயர்களில் பிழைகள் இருக்கின்றன, ஓ'சல்லிவன் ஒரு தாளில் வெறும் சல்லிவனாக இருப்பார், கெர்ரியிலோ தடுக்கி விழுந்தால் சல்லிவன். குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதல் பெயர், வயது, ஊர் என்று தேடிப் பாருங்கள், இல்லையென்றால் டவுன்லேண்டை (அங்கே மிகச் சிறிய நிலப்பிரிவு, ஒரு சிற்றூர் அளவு) திறந்து வீடு வீடாகப் பாருங்கள். சிற்றூர்தானே, சீக்கிரம் முடிந்துவிடும். போனில் பார்க்க வேண்டாம், அந்தக் கையெழுத்துக்குப் பெரிய திரை வேண்டும்.

ஒரு சந்தாத் தளத்திலும் பணம் கட்டிப் பார்த்தேன். இதே தாள்கள்தான், கூடவே யாரோ தெரியாதவர்கள் போட்டுவைத்த குடும்ப மரங்கள். அந்த மரங்களில் என் மாமியாரின் பாட்டிக்கு இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள். ரத்து செய்துவிட்டேன்.

வடக்கு அயர்லாந்துக் குடும்பம் என்றால் 1901, 1911 தாள்கள் இங்கேயே கிடைக்கும், நாடு பிரிவதற்கு முந்தைய திருமணங்களும் கிடைக்கும். அதற்குப் பிறகான திருமணங்களுக்கு பெல்ஃபாஸ்ட் பதிவகத்தின் தளத்துக்குப் போக வேண்டும், அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் காசு.