தொப்பூர் இறங்கும் முன் கண் அயர ஒரு டீக்கடை

நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு நாமக்கல் திரும்பும்போதெல்லாம், தர்மபுரி தாண்டியதும் இந்தக் கடையில் வண்டியை ஓரங்கட்டிவிடுவேன். பாளையம் டோல்கேட்டுக்கு முன்னால், சேலம் போகிற பக்கம், வேப்பமரத்தடியில் தகரக் கூரை. பெயர்ப்பலகை கிடையாது.

டீ 15 ரூபாய், சுமார்தான். நான் நிற்பது கயிற்றுக் கட்டிலுக்காக. "எத்தனை மணிக்கு எழுப்பணும் தம்பி?" என்று கடைக்கார அக்கா கேட்பார். வண்டி நம்பரையும் நேரத்தையும் சிலேட்டில் எழுதிக்கொள்வார். நேரமானதும் கட்டில் காலைத் தட்டுவார். நாம் எழுந்து உட்காரும் வரை நகர மாட்டார். செல்போன் அலாரத்தை நிறுத்திவிட்டுப் பலமுறை தூங்கியிருக்கிறேன். அக்காவிடம் அது நடக்காது.

அடுத்து வருவது தொப்பூர் இறக்கம் என்பதால்தான் இதை இவ்வளவு சொல்கிறேன். லோடு வண்டி அங்கே சின்ன கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால், சூடேறி பிரேக் பிடிக்காமல் போய்விடும். ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணிக்குள் உடம்பு தானாகத் தூக்கம் கேட்கும். அந்தக் கலக்கத்தில் கியர் குறைக்கவே தோன்றாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் டோல்கேட்டைக் கடந்தது நினைவில் இல்லை. இறக்கத்தின் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. பக்கத்தில் கிளீனர் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போதும் அவன் முகம் ஞாபகம் வரும்.

இப்போதெல்லாம் டீ குடித்த கையோடு படுத்துவிடுவேன். டீ வேலை செய்ய எப்படியும் 20 நிமிஷம், அரை மணி ஆகும். அதற்குள் ஒரு குட்டித்தூக்கம். அப்புறம் முகம் கழுவி, டயரைத் தட்டி, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். பாட்டு, பாக்கு எல்லாம் பார்த்தாயிற்று, எதுவும் இதற்கு ஈடாகவில்லை.

5 மணி நேர வேலைக்கு அரை மணி ஓய்வு என்று 1961-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சரி, நிம்மதியாக நிறுத்த இடம் வேண்டாமா?

குறையும் உண்டு. கொசு அதிகம். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வராது. ஆறு வண்டிதான் நிற்கும். மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் விளக்கு இல்லை, கிளீனரை இறக்கி டார்ச் காட்டச் சொல்லுங்கள். சாப்பிட்டால் கட்டிலுக்குக் காசு வாங்க மாட்டார். நான் 20 ரூபாயை சிலேட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வருவேன்.