நைரோபித் தெருவும் கேப் டவுன் தெருவும்

உவெம் அக்பானின் ‘அன் எக்ஸ்-மஸ் ஃபீஸ்ட்’ சிறுகதையில், நைரோபித் தெருவோரக் குடிசையில் ஒரு முழுக் குடும்பம். பசியை மறக்கடிக்க அம்மாவே பிள்ளைகளுக்குச் செருப்புப் பசையை முகரக் கொடுக்கிறாள். தம்பி ஜிகானா பள்ளிக்கூடம் போகட்டும் என்று 12 வயது மைஷா உடம்பை விற்கிறாள். கைக்குழந்தைகூடப் பிச்சையெடுக்க உதவுகிறது. ஆனாலும் அது குடும்பம்தான்; சண்டை, பாசம், ஜெபம் எல்லாம் உண்டு.

கே. செல்லோ டுய்க்கரின் ‘தர்ட்டீன் சென்ட்ஸ்’ (2000) நாவலில் பெற்றோரை இழந்த அஸூர் கேப் டவுனில் தனியாள். அடைக்கலம் தருவதாகச் சொல்லும் பெரியவர்களே அவனைச் சுரண்டுகிறார்கள்.

கொடூரம் நாவலில்தான் அதிகம். எனக்கென்னவோ அக்பான்தான் கூடுதலாக வலித்தார்: அங்கே பிள்ளையைச் சுரண்டுவது, பிள்ளைமேல் பாசம் வைத்த குடும்பமே.